பெயருக்கு இரண்டு கட்டங்கள்

உன் கணவருடைய பெயரை நான் வெட்டிவிட்டேன் என்று விழுப்புரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை இல்லை. அவர் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று காலைகூடக் கணினியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இதுவரை நான் செய்தது அவ்வளவுதான். கேட்டதற்கும் வெட்டியதற்கும் உள்ள வித்தியாசம் பேசுகிறவர்களுக்குத் தேவைப்படவில்லை. உனக்குத் தேவைப்படும். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஒரு புட்டி. அலமாரியைத் துடைக்கும்போது பின்வரிசையில் பழுப்பு நிற மருந்துப் புட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. அடியில் வெள்ளையாக ஒரு வளையம் மட்டும். துணியைச் சுற்றி மூடியைத் திருகித் திறந்தேன். மரக்காணம் சாலையில் உப்பளம் தொடங்குகிற இடத்தில் பேருந்துச் சன்னல் வழியாக ஒரு காற்று வந்து முகத்தில் ஒட்டுமே, அந்த வாடை இருந்தது. புட்டியில் ஒட்டிய காகிதத்தில் என் கையெழுத்தில் ஊர், கிணற்றுக்குச் சொந்தக்காரர், தேதி. அதற்குக் கீழே உன் கையெழுத்து: "உப்புதான் மிஸ். சந்தேகமே வேணாம்."

இனி நான் எழுதப் போவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். இதை இன்னொருவரும் படிக்க வேண்டியிருக்கிறது. அவருக்காகச் சிலவற்றை முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள். நீ பொறுமைக்குப் பெயர் வாங்கியவள் இல்லை என்பது எனக்கு மறக்கவில்லை.

திண்டிவனத்தில் ஒரே கல்லூரியில், ஒரே ஆசிரியர் அறையில், எதிரெதிர் மேசையில் இருந்தோம். நீ வேதியியல், நான் புள்ளியியல். நான் விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து கான்வென்ட்டில் படித்தவள். நீ மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்திலிருந்து படித்து வந்தவள். உன் அப்பா படகு வைத்திருந்தார். அறையில் எல்லோரும் என்னை மேடம் என்றார்கள். நீ மட்டும் வந்த முதல் வாரத்திலேயே மிஸ் என்றாய். ஏன் என்று கேட்டேன். "கான்வென்ட்டுல அப்டித்தானங்க கூப்புடுவாங்க? நான் கான்வென்ட்டு படிச்சதில்ல. உங்களக் கூப்ட்டாவது படிச்ச மாதிரி இருக்கட்டும்" என்றாய். கேலிதான். பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

அந்த வருடங்களில் கடலோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகிக்கொண்டு வந்தன. மரக்காணம் பக்கம் முதலில். பிறகு வானூர்ப் பக்கம். சனிக்கிழமைகளில் நாம் புட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். என் கணவர் தன் ஸ்கூட்டரில் புட்டிப் பெட்டியை வைத்துக்கொண்டு பின்னால் வருவார். வானூருக்கு இந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டிய கிணற்றடியில் நின்ற அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"புட்டியத் தூக்கிக்கினு வந்துட்டீங்களே, சர்க்காரா?"

"இல்லீங்க, காலேஜு" என்றாய்.

"ஏன், காலேஜுல தண்ணி இல்லியா?"

நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கயிறு நழுவி வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "அதெல்லாம் கெடக்கட்டும். வர்ற பட்டத்துக்கு மல்லாட்டை போடலாமா, வேணாமா? அத்தச் சொல்லிட்டுப் போங்க."

நிலக்கடலை போடலாமா என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு இருக்கிற உப்பைச் சொல்லலாம். அடுத்த கோடையில் எவ்வளவு இருக்கும் என்று எதை வைத்துச் சொல்வது? நீ உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தாய். உப்பை அளக்கிற மீட்டர் எதற்கு வாங்கினோம் என்று கடிந்துகொண்டேன். "மீட்டருக்கு பேட்டரி போடணும் மிஸ். நாக்குக்கு ஒரு டீ போதும்" என்றாய். திரும்பி வருகிற வழியில் பேசவே இல்லை. நீ பேசாமல் வந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

அந்த மல்லாட்டைக் கேள்விக்குப் பதிலாகத்தான் நீ அந்தக் கணினி நிரலை எழுதினாய். கடலிலிருந்து கிணறு எவ்வளவு தூரம், எவ்வளவு இறைக்கிறார்கள், மழை எவ்வளவு, இப்போது உப்பு எவ்வளவு என்று கொடுத்தால், வரும் கோடைகளில் எந்தக் கிணறு எப்படி ஆகும், எவ்வளவு குறைத்து இறைத்தால் தப்பும் என்று சொல்லும். எழுதியது நீ. சரிபார்த்ததும் கையேடு எழுதியதும் நான். நிரலின் முதல் வரியில் உன் பெயர் இருக்கிறது. உன் பெயர் மட்டும், இனிஷியல்கூட இல்லாமல். இரண்டாவது வரியில் "சரிபார்த்தவர்: மிஸ்" என்று எழுதி வைத்தாய். அதை ஒழுங்காக மாற்று என்று எத்தனையோ முறை சொன்னேன். மாற்றவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண் போட வேண்டும், எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்று எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். "எல்லாத்துக்கும் நம்பர் போட்டாத்தான் உங்களுக்கு சோறு எறங்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாய்.

வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதைக் கல்லூரியின் இணையதளத்தில் இலவசமாக வைத்தோம். எடுத்துக்கொண்டார்கள். எங்கெங்கோ இருந்து சந்தேகம் கேட்டு எழுதினார்கள். பதில் சொன்னோம். அவர்கள் கட்டுரை வெளியானபோது நம் பெயர் எதிலும் இல்லை.

சென்னைக் கருத்தரங்கை நான் யாரிடம் சொன்னாலும் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறேன். இப்போதும்தான். மேடையில் ஒருவர் கடலோரக் கிணறுகளின் வரைபடம் காட்டினார். அந்த வண்ணங்கள், அந்தக் கோடுகள் எல்லாம் நம் நிரல் போட்டவை, பார்த்தவுடன் தெரிந்தது. கடைசியில் சான்றுகளின் பட்டியல் வந்தது. புத்தகங்கள் இருந்தன. நிலப்படம் இருந்தது. மீட்டர் செய்த நிறுவனம்கூட இருந்தது. நம்மைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: "பொருத்தமான மென்பொருள் கொண்டு கணக்கிடப்பட்டது." கேள்வி நேரத்தில் நீ எழுந்தாய். நான் உன் புடவையைப் பிடித்து இழுத்தது வீணாகப் போயிற்று.

"சார், அந்தப் பொருத்தமான மென்பொருள் நான்தாங்க."

அரங்கம் சிரித்தது. அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை, கைகூப்பினார். "மேடம், உங்க புரோகிராம நான் மறைக்கணும்னு நெனைக்கல. ஆனா எதைக் காட்டறது? அது புத்தகமும் இல்ல, கட்டுரையும் இல்ல. கட்டுரைய முடிக்கறப்ப உங்க லிங்க்கைத் தட்டிப் பார்த்தேன். பக்கமே இல்லன்னு வந்துது. இல்லாத எடத்துக்கு எப்படி மேடம் வழி சொல்றது?"

அவர் சொன்னது சரி. கல்லூரி தன் இணையதளத்தை மாற்றியிருந்தது. நம்மிடம் யாரும் சொல்லவில்லை. உனக்கும் அது சரி என்று தெரிந்தது. அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. திரும்பும் பேருந்தில் வெடித்தாய்.

"எம் பேர எழுதாதவன் ஊரு கெணறெல்லாம் உப்பாப் பூடட்டும்!"

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊரச் சொல்லலியேம்மா?"

"எந்த ஊருங்க?"

"அச்சிறுபாக்கம்."

"அங்கெல்லாம் கடல் வராது. நிம்மதியாத் தூங்குங்க" என்றாய். அவர் நிஜமாகவே தூங்கிப் போனார்.

பேருந்து திண்டிவனத்தை நெருங்கும்போது நீ மெதுவாக ஒன்று சொன்னாய். "எங்கப்பா படகுல பேரும் நம்பரும் பெயிண்ட்டுல எழுதியிருப்பாரு மிஸ். வருசா வருசம் அழிஞ்சிரும், திரும்ப எழுதுவாரு. பெருமைக்கா எழுதறாரு? படகு எங்கனா மோதிச்சுன்னா யாரு படகுன்னு தெரிஞ்சு வந்து கேக்கணுமில்ல? எம் புரோகிராமு தப்பாச் சொல்லி ஒருத்தன் மல்லாட்டை போட்டு நட்டமாச்சுன்னா, எங்கிட்ட வந்து கேக்கணும் மிஸ். பேரே இல்லன்னா யாரக் கேப்பான்?" அதற்குப் பிறகு இதைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இதைவிடச் சரியான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, புதுச்சேரியில் நிலத்தடி நீரை ஆராய்கிற அந்தப் பெண் நம்மைத் தேடி வந்தார். நம் நிரலை வைத்துப் பல வருடம் வேலை செய்தவர், நமக்குப் பின்னும் அதைத் திருத்தி நடத்த முன்வந்தவர். மென்பொருளுக்கும் நிலையான எண் வாங்கலாம் என்று அவர்தான் சொன்னார். டி.ஓ.ஐ. என்கிறார்கள். உலகத்துக்குப் பொதுவான ஓர் இணையக் காப்பகத்தில் நிரலைச் சேர்த்தால் அந்த எண் கொடுப்பார்கள். நிரல் நாளை வேறெங்கு மாறினாலும் எண் மாறாது. எண்ணைத் தட்டினால் இப்போது இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடும். எங்கள் தெருவில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு இருக்கிறது. தபால்காரர் புதியவராக வந்தால் என் கடிதம் எதிர் வரிசைக்குப் போய்விடும். என் பள்ளிச் சான்றிதழில் இருக்கிற தென்னாற்காடு மாவட்டம் இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. மாறாத ஓர் எண் என்றதும் எனக்கு அதன் அருமை புரிந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக ஓர் எண், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாக ஓர் எண் என்று அவர் சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய். "பாத்தீங்களா மிஸ், உங்கள மாதிரியே ஒலகத்துல இன்னொருத்தரு இருக்காரு."

ஆளுக்கும் அப்படி ஓர் எண் உண்டு என்றார். ஒருவர் பெயரை எந்த ஊரில் எப்படி எழுதினாலும் அந்த எண் அவரைக் காட்டிக்கொடுக்கும். அதை அவரவரேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இறந்தவருக்காக இன்னொருவர் எடுக்க முடியாது. நான் அன்றே எடுத்துக்கொண்டேன். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அடுத்த வாரம் எடுத்துக்கினா என்னா, ஓடியா பூடும்?" என்றாய்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு காய்ச்சல் இல்லை, வேறு என்றார்கள். புதுச்சேரி மருத்துவமனையில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது நீ உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நம்பர் வந்துச்சா மிஸ்?" என்றாய். வந்துவிடும் என்றேன். "வந்தா ஜல்தி சொல்லுங்க. இங்க வேற வேலையே இல்ல, படுத்துக்கினு பாத்துக்கினே இருக்கேன்."

வந்தது. உன்னிடம் சொல்ல முடியவில்லை.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம். அந்தக் காப்பகத்தின் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. குடும்பப் பெயருக்கு ஒன்று, சொந்தப் பெயருக்கு ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? அந்தப் பெண் நல்ல எண்ணத்தோடு, எதையும் காலியாக விடக் கூடாது என்று, கல்லூரிப் பதிவேட்டில் இருந்த இனிஷியலை விரித்து முதல் கட்டத்தில் போட்டுவிட்டார். திருமணத்துக்குப் பிறகு சம்பளப் பதிவேட்டில் உனக்கு இருந்தது உன் கணவரின் இனிஷியல். எனக்கும் அப்படியே. மற்றவர்கள் கட்டுரையில் சான்று காட்டும்போது முதல் கட்டத்தில் இருப்பது முழுதாக வரும். இரண்டாவது கட்டத்தில் இருப்பது ஓர் எழுத்தாகச் சுருங்கும்.

நம் ஊரில் எத்தனையோ விதத்தில் பெண்ணைப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் பெயரில் மட்டும் அப்பனும் புருஷனும் ஓர் எழுத்தாக ஒதுங்கி நின்று அவள் பெயரை முழுதாக விட்டார்கள். நான் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை. தலைகீழாகிப் போன பிறகுதான் தெரிந்தது. இப்போது உன் கணவர் முழுதாக இருக்கிறார். நீ ஓர் எழுத்தாக இருக்கிறாய்.

சில மாதங்களுக்கு முன் வேறொரு நாட்டுக் கடற்கரையைப் பற்றிய கட்டுரை வந்தது. அந்தப் பெண் மகிழ்ச்சியோடு அனுப்பியிருந்தார். இந்த முறை சான்று இருந்தது, எண் இருந்தது, பதிப்பு இருந்தது. எல்லாம் நீ கேட்டபடி. உள்ளே நம் கணக்கு முறையைக் குறிப்பிடுகிற இடமெல்லாம் உன் கணவர் பெயரும் என் கணவர் பெயரும் சேர்ந்து வருகின்றன. கணவர்கள் இருவர் பெயரில் ஒரு கணக்கு முறையே உருவாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணினேன்.

உன் கணவரை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். வருவாய்த் துறையில் நேர்மையாக வேலை பார்த்தவர். ஆனால் "கெணத்துத் தண்ணிய நக்கிட்டு வர்றதுக்கு கவுருமெண்ட்டு சம்பளமா?" என்று அவர் கேட்டதும், "ஆமா, உங்களுக்கு ஃபைல நக்கறதுக்குக் குடுக்குதே, அதே கவுருமெண்ட்டுதான்" என்று நீ திருப்பிக் கொடுத்ததும் என் முன்னால் நடந்தது. பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தீர்கள். அவர் உனக்கு முன்பே போய்விட்டார். இருந்திருந்தால் அந்தக் கட்டுரையைப் பார்த்து முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நிலையான எண்ணை மாற்ற முடியாது, சேர்த்த நிரலையும் மாற்ற முடியாது. பெயர்க் குறிப்பைத் திருத்தலாம் என்றார். முதல் கட்டத்தில் உன் சொந்தப் பெயரைப் போட்டு, இரண்டாவதில் இனிஷியலைப் போடலாம், காலியாகவும் விடலாம். புதிய பதிப்பு வெளிவரப் போகிறது. அதில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் இனி எல்லோரும் எடுத்து எழுதுவார்கள். உனக்கென்று ஆள் எண் இல்லாததால் அந்தப் பெயரைத் தவிர உன்னைக் காட்ட வேறு எதுவும் இல்லை. "ஆனா நீங்க சொன்னா மட்டும் நான் மாத்த மாட்டேன் மேடம். அவங்க இல்ல. அவங்க குடும்பத்துல எழுத்துல குடுக்கணும்" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

உன் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தொலைபேசியில் சொன்னேன். முழுதாகக் கேட்டாள். "யோசிச்சுச் சொல்றேன் ஆன்ட்டி" என்றாள். குரல் உடைந்திருந்தது. பிறகு அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணை நச்சரிக்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்குள் பேச்சு விழுப்புரத்தில் உன் கணவர் வீட்டாரிடம் போய்விட்டது.

விழுப்புரத்தில் ஒரு திருமணம். பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் உன் கணவரின் தம்பி.

"வணக்கம் மேடம். எங்கண்ணன் பேர வெட்டிட்டீங்களாமே?"

"வெட்டலீங்க. மாத்தலாமான்னு கேட்டிருக்கேன்."

"எதுக்குங்க? செத்தவரு பேரு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே. அதுல உங்களுக்கு என்னா பேஜாரு?"

"ஓரமா இருந்தா நான் பேசியே இருக்க மாட்டேன். அவர் முன்னாடி இருக்கார். உங்க அண்ணிதான் ஓரத்துல இருக்கா."

"தாலி கட்டுனவரு பேரு முன்னாடி வந்தா அண்ணி கொறஞ்சா பூடுவாங்க? எங்க பொண்ணுக்குக்கூட அது சந்தோசந்தான், தெரியுமா? எங்கிட்டயே சொல்லிச்சு. அப்பாவும் அம்மாவும் ஒண்ணா இருக்கறாங்க சித்தப்பா, இருக்கட்டும்னுச்சு."

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்: "செரி, உங்க வூட்டுக்காரரு பேரும் அதுல இருக்குதாமே? அது மட்டும் ஜம்முனு குந்திக்கினு இருக்கலாம், எங்கண்ணன் மட்டும் எழுந்து போவணுமா?"

யாரும் என்னைப் பேச்சிழக்க வைத்ததில்லை என்று நீதான் எல்லோரிடமும் சொல்வாய். அன்று வைத்தார்.

"சாப்புடுங்க மேடம், பாயசம் ஆறிப் பூடும்" என்றார். குரலில் கேலி போயிருந்தது.

திண்டிவனம் வரும் பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என் கணவர் பெயர் அங்கே இருப்பதை நான் திருத்தச் சொல்லவில்லை என்பது உண்மை. அவர் புட்டிப் பெட்டி சுமந்தார், வெயிலில் நின்றார், அதனால் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது காரணமே இல்லை. அவர் போன பிறகு வீட்டில் மின் இணைப்பு மட்டும் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் பெயர் மாற்றியாகிவிட்டது. இந்த ஒரு வரியில்தான் அவர் பெயர் புதிதாக அச்சாகிக்கொண்டிருந்தது. என் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியதைவிட, அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் செய்யாத வேலைக்குப் பெயர் வாங்க அவர் ஒப்பமாட்டார். கடையில் மீதி கூடுதலாகக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். என்னுடையதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. மறுநாளே திருத்திவிட்டார். இப்போது என் பெயர் முழுதாக இருக்கிறது. என் கணவர் பின்னால் ஓர் எழுத்தாக, எப்போதும் இருந்தபடி, இருக்கிறார். ஆகவே, நான் வெட்டியது ஓர் ஆணின் பெயரைத்தான். விழுப்புரத்தில் சொல்லுகிறவர்கள் ஆளை மாற்றிச் சொல்கிறார்கள்.

திருத்திய பக்கத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் வருகிற திருப்தி வரவில்லை. களைப்பாக இருந்தது. அதனால், உன் மகள் அதைப் பார்க்கும்போது எதைப் பார்க்கிறாள் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அவளுக்கு அந்த வரியில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் அதைப் பிரிக்கிறேன். அவள் எதற்காக எனக்குப் பதில் சொல்ல வேண்டும்?

நீ இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். நிரலின் முதல் வரி இருக்கிறது, நீ உன் கையால் எழுதியது. சென்னை அரங்கில் "நான்தாங்க" என்றாய். "எங்க வீட்டுக்காரர்தாங்க" என்று சொல்லவில்லை. ஆனாலும் உனக்காக நான் சொல்வது, உன் மகள் சொல்வது ஆகாது. எனக்கு இந்த வயதில் பிடிவாதம் குறையவில்லை. ஆனால் மற்றவர் வீட்டுக்குள் எதுவரை போகலாம் என்பது தெரிந்திருக்கிறது.

புட்டியைக் கழுவவில்லை. மூடி, திரும்ப அலமாரியில் வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்றும் இருக்கிறது, சொன்னால் நீ விடமாட்டாய்: எந்த ஊரில் யார் தண்ணீர் கொடுத்தாலும் முதல் வாயை நாக்கில் நிறுத்திப் பார்க்கிறேன். விழுங்குவதற்கு முன் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறேன். மீட்டர் வீட்டில் சும்மா இருக்கிறது.

இந்தக் கடிதம் முழுவதும் உன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. கவனித்திருப்பாய். எப்படி எழுதுவது என்று முடிவாகாத பெயரை நான் எழுத மாட்டேன். பதில் வந்த பிறகு எழுதுவேன்; புதிய பதிப்பில், முதல் கட்டத்திலோ இரண்டாவது கட்டத்திலோ, சொன்ன இடத்தில்.

இதன் நகலை இன்று கோயம்புத்தூருக்குத் தபாலில் அனுப்புகிறேன். ஆகவே கடைசிப் பத்தி உனக்கு இல்லை, உன் மகளுக்கு.

அம்மாடி, உன் சித்தப்பா சொன்னதைக் கேட்டேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, உன் மேலும் இல்லை. ஆனால் உன் விருப்பத்தை இன்னொருவர் வாயால் கேட்டு நான் எதையும் செய்ய மாட்டேன். தொலைபேசியிலும் சொல்ல வேண்டாம். உன் குரல் உடைந்தால் நான் சரியாகக் கேட்டுக்கொள்ள மாட்டேன். ஒரு தாளில் உன் அம்மாவின் பெயரை, அது எப்படி நிற்க வேண்டும் என்று நினைக்கிறாயோ அப்படி எழுது. இனிஷியல் வேண்டுமானால் அம்மாவின் அப்பாவுடையதா, உன் அப்பாவுடையதா, அல்லது வேண்டாமா என்று எழுது. இப்போது இருப்பதே இருக்கட்டும் என்றால் அதையும் எழுது. நான் மறுபேச்சு பேச மாட்டேன். கீழே கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, எனக்கு அனுப்பு. புதிய கதவு எண்ணோடு பழைய எண்ணையும் உறையின் மேல் எழுதிவிடு. எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.